ஒரு பரிசோதனைக்கு ஆறரைப் பேர்



தனியார் வைத்தியசாலைகளும் ஆய்வுகூடங்களும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு 6,500 ரூபாய்க்கும், அன்டிஜன் பரிசோதனைக்கு 2,000 ரூபாய்க்கும் மேல் அறவிடக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் அரசாங்கம் வர்த்தமானி வெளியிட்டது. கண்டபடி காசு பறிப்பதற்குக் கடிவாளம் போட்டது நல்லதுதான். ஆனால் நமது கணக்கு பேர்க் கணக்கு. ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021 மார்ச் 5 முதல் பெற்ற நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாயாக இருந்தது. அப்படிப் பார்த்தால் ஒரு பி.சி.ஆருக்கு ஆறரைப் பேர். அன்டிஜனுக்கு இரண்டு பேர். ஐந்து உயிர்கள் வாழும் காம்பராவுக்குப் பத்துப் பேர் வேண்டியிருந்தது.

“அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மாதானே செய்தார்கள்?” என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பல்லேபொல பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாத்தளைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் ஓடாத நாளில் ஆட்டோவுக்கும் கடன் வாங்க வேண்டும். தொற்று என்று வந்துவிட்டால் அப்போது 14 நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டியிருந்தது. வீட்டிலுள்ள யாருக்கும் பேர் இருக்கவில்லை.

சில நாட்களுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி போனில் மெதுவாகச் சொன்னாள்: “சேர், அம்மாவுக்கு மணமே தெரியலயாம். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க.” அந்தத் தாய் பெனடோல் போட்டுக்கொண்டு பிரட்டுக்குப் போயிருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயம் நோய்க்கல்ல, அடுப்பு அணைந்துவிடுமே என்றுதான்.

ஒரே பீலித் தண்ணீர், ஒட்டி ஒட்டிக் கட்டிய லயம். இங்கே ஒருவர் மறைத்தால், பக்கத்துக் காம்பராவில் சீனி வியாதியோடு இருக்கும் பாட்டிக்குத்தான் முதல் ஆபத்து.

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து, தோட்டத்திலேயே இலவசமாக அன்டிஜன் பரிசோதனை நடத்த வேண்டும். முடிவு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், நீண்டகால நோயாளிகளுக்கு முதலிடம் வேண்டும்.

பரிசோதனை நாளுக்கும் தனிமைப்படுத்தும் நாட்களுக்கும் பேர் போட வேண்டும்.

முடிவும் அறிவுறுத்தலும் தமிழில் தரப்பட வேண்டும்.

நாடே பூட்டிக் கிடந்தபோதும் மலையில் வேலை நிற்கவில்லை. அந்த உழைப்பு அவசியம் என்றால் உழைப்பவரின் உயிரும் அவசியம்தான்.

தோட்டத் தலைவர்மாரே, இந்தக் கோரிக்கைகளை இந்த வாரமே கடிதமாக எழுதி துரையிடம் கொடுங்கள். எழுத உதவி தேவையென்றால் ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். தொற்று வந்த வீட்டை ஒதுக்கி வைக்காதீர்கள். வாசலில் ஒரு படி அரிசியாவது வைத்துவிட்டு வாருங்கள்.