ரிவால்வர் 'மக்கர்': குற்றம் தோட்டாவிலா, பெட்டியிலா?

குப்பனூர் -

22 துப்பாக்கி. ஒன்று கூட வெடிக்கவில்லை!

2019 ஆகஸ்டில் பீகாரில் நடந்த கூத்து இது. முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு. முதல்வர் நிதிஷ்குமார் நிற்கிறார். அரசு மரியாதை செய்ய போலீசார் வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார்கள். 'கிளிக்' என்ற சத்தம்தான் வந்தது. வேட்டு வரவில்லை.

அங்கே போனது மானம் மட்டும்தான். தற்காப்புக்கு என்று லைசன்ஸ் வாங்கி வீட்டில் ரிவால்வர் வைத்திருப்பவருக்கு இந்தக் 'கிளிக்' கேட்டால் உயிர் போகும். எதிராளியால் மட்டும் அல்ல, கையில் இருக்கிற ரிவால்வராலேயே போகும். அது எப்படி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குப்பனூரில் இருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காடு ஏறுகிறவர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் வேர்வை, மேலே போனால் பனிமூட்டம். மழைக் காலத்தில் தீப்பெட்டி கூட நமத்துப் போகிற ஊர். தோட்டா மட்டும் சும்மா இருக்குமா?

தோல் பை செய்யும் வேலை

பலரும் தோட்டாவை இடுப்பு பெல்ட்டிலேயே, தோல் வளையத்தில் சொருகி வருஷக் கணக்கில் விட்டு விடுகிறார்கள். தோலைப் பதப்படுத்தும் சரக்கும் மலை ஈரமும் சேர்ந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தத் தோட்டா அறைக்குள் சரியாக உட்காராது. உட்கார்ந்தாலும் வெளியே வராது.

இன்னொரு கெட்ட பழக்கம், துருப்பிடிக்கக் கூடாது என்று தோட்டாவுக்கும் எண்ணெய் போடுவது. தோட்டாவின் அடியில் நடுவாக ஒரு பொட்டு இருக்கும். பிள்ளைகள் தீபாவளிக்கு அடிக்கிற 'கேப்' மாதிரி. குதிரை வந்து அதில் இடித்தால்தான் நெருப்பு. எண்ணெய் அதன் ஓரமாகக் கசிந்து இறங்கினால் கதை முடிந்தது. எண்ணெய் துப்பாக்கிக்கு. தோட்டாவுக்குத் துணியால் துடைத்தால் போதும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் இழுக்கும் பொட்டலம் ஒன்று போட்டு வைப்பதுதான் முறை.

இரண்டாவது தடவை இழுக்காதே!

இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் என்ன செய்வோம்? பதற்றத்தில் மறுபடி இழுப்போம். ரிவால்வரில் அதுதான் ஆபத்து. மறுபடி இழுத்தால் உருளை சுற்றி அடுத்த தோட்டா வந்துவிடும். தாமதமாகப் பற்றிய பழைய தோட்டா, குழாய்க்கு நேராக இல்லாமல் பக்கத்தில் இருந்தபடியே வெடிக்கலாம். தீபாவளியில் புகையாமல் கிடக்கிற வெடியைக் குனிந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் கதை ஊருக்கு ஊர் உண்டு. இதுவும் அதே கதைதான். பயிற்சித் திடலில் இப்படி ஆனால், குழாயை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். பிறகுதான் உருளையைத் திறக்கலாம்.

அதைவிட மோசம் 'டப்' என்று வராமல் 'புஸ்' என்று வருவது. மருந்து குறைவு என்று அர்த்தம். குண்டு குழாய்க்குள்ளேயே சிக்கி நிற்கலாம். பின்னாலேயே அடுத்த குண்டை அனுப்பினால் குழாய் பிளக்கும், விரல் போகும். 'புஸ்' கேட்டால் அன்றைக்குச் சுடுவது அதோடு முடிந்தது. தோட்டாக்களை எடுத்துவிட்டு லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் காட்ட வேண்டும்.

சரி, வெடிக்காததற்குக் குற்றவாளி யார்? வெடிக்காத தோட்டாவின் பொட்டைப் பாருங்கள். குழி ஆழமாக விழுந்திருந்தால் பெரும்பாலும் தோட்டாதான் கெட்டது. லேசாகக் கீறினாற்போல் இருந்தால் சந்தேகம் துப்பாக்கி மேல். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பழைய எண்ணெய் பிசினாகிக் குதிரையைப் பிடித்திருக்கும். உருளை சுற்றவே மறுத்தால், ஏதாவது ஒரு தோட்டாவில் பொட்டு வெளியே துருத்திக்கொண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது தயாரிப்புக் கோளாறு.

கேட்க நாதி உண்டா?

பொதுமக்களுக்கு லைசன்சில் கிடைப்பது பெரும்பாலும் பாயிண்ட் 32 ரிவால்வர். டெல்லிக் கொடுமைக்குப் பிறகு 2014-ல் கான்பூர் ஆலை பெண்களுக்கென்று கொண்டுவந்த 'நிர்பீக்' கூட அந்த ரகம்தான். விலை லட்சத்துக்கு மேல்! அதற்குப் போடும் தோட்டா, நெடுங்காலமாகப் புணே பக்கம் கிர்க்கி ஆலையின் 'கே.எஃப்.' முத்திரைச் சரக்கு. 1869-ல் தொடங்கிய ஆலை அது. பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம் என்ற பேச்சுக்கே பல காலம் இடமில்லை.

அரசு ஆலைச் சரக்கு பற்றிய புகார் புதிது அல்ல. 2014 முதல் 2020 வரை கோளாறான வெடிபொருளால் 960 கோடி ரூபாய் நஷ்டம் என்று ராணுவத்தின் உள் அறிக்கை சொன்னதாக 2020-ல் செய்தி வந்தது. பழியெல்லாம் எங்கள் தலையில் கட்ட வேண்டாம் என்று ஆலை வாரியம் மறுத்தது. அது ராணுவக் கணக்கு, ரிவால்வர் தோட்டாக் கணக்கு அல்ல. 2021 அக்டோபரில் வாரியமே கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகள் ஆயிற்று. வெடிபொருள் புணேக் கம்பெனிக்குப் போனது.

பெயர்ப்பலகை மாறிச்சு. நம்ம ஆளுக்கு என்ன மாறிச்சு? ராணுவம் என்றால் அறிக்கை எழுதும். ஆறு தோட்டா வைத்திருக்கிற தனி ஆள் எங்கே போய் எழுதுவார்? லைசன்சில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. அதனால் இருப்பதைச் சுட்டுப் பார்க்க மனசு வராது. தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும், திரும்பி வரும். தோட்டா மட்டும் பீரோவில் கிழடாகும். பெட்டியில் தயாரித்த ஆண்டும் லாட் நம்பரும் இருந்தால் அந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். புகார் என்று போனால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லைசன்ஸ் காலம் மூன்று வருஷத்தில் இருந்து ஐந்து ஆகிவிட்டது. புதுப்பிக்க வருகிறவர்களைச் சேலத்தில் போலீஸ் சுடுதளத்துக்கு ஒரு நாள் வரச்சொல்லி, பழைய தோட்டாவை அங்கேயே சுட்டுத் தீர்க்க விட்டு, அதே எண்ணிக்கைக்குப் புதுசு வாங்க அனுமதி கொடுத்தால் என்ன? எந்த லாட்டில் எத்தனை மக்கர் பண்ணியது என்று ஒரு ஏட்டு பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டால், புணேவுக்கு அனுப்ப ஒரு கணக்காவது கையில் இருக்கும்.