ஒரே வாசகம், இரண்டு பொருள்

1946 மார்ச்சில் பெதிக் லாரன்ஸ், ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ், அலெக்ஸாண்டர் ஆகிய மூன்று பிரிட்டிஷ் அமைச்சர்கள் டில்லி வந்தனர். நாட்டின் ஆட்சியை எவரிடம், எவ்வாறு ஒப்படைப்பது என்று முடிவு காண்பதே அவர்களது பணி. காங்கிரஸ் பிளவுபடாத இந்தியாவை வேண்டிற்று. முஸ்லிம் லீக் பாகிஸ்தானைக் கோரிற்று. சிம்லாவில் இரு தரப்பாரையும் கூட்டிப் பேசியும் உடன்பாடு பிறக்கவில்லை. எனவே மே 16-இல் தூதுக்குழுவே ஒரு திட்டத்தை வெளியிட்டது.

பாதுகாப்பு, வெளிவிவகாரம், தகவல் தொடர்பு ஆகிய மூன்று மட்டுமே மத்திய அரசுக்கு. எஞ்சிய அதிகாரங்கள் மாகாணங்களுக்கு. மாகாணங்கள் மூன்று பிரிவுகளாகும். நமது சென்னை மாகாணம் முதற் பிரிவிலும், பஞ்சாபும் சிந்துவும் எல்லைப்புற மாகாணமும் இரண்டாவதிலும், வங்காளமும் அஸ்ஸாமும் மூன்றாவதிலும் இடம்பெற்றன. தனிநாடும் இல்லை, வலிமை மிக்க மத்திய அரசும் இல்லை. இருவரும் பாதி வழி இறங்கி வரவேண்டிய திட்டம் அது.

ஜூன் 6-இல் லீக் அதனை ஏற்றது. ஜூன் 25-இல் காங்கிரஸ் காரியக் கமிட்டியும் ஏற்றது. எனினும் இருவரும் ஏற்றது ஒன்றையே அன்று! பிரிவில் சேர்வது மாகாணத்தின் விருப்பம் என்று காங்கிரஸ் பொருள் கொண்டது. அஸ்ஸாமிலும் எல்லைப்புறத்திலும் அதன் ஆட்சியே நடந்தது. அவற்றைக் கட்டாயப்படுத்தி இணைப்பதை அது ஏற்கவில்லை. பிரிவுகளே திட்டத்தின் உயிர்நாடி என்று கொண்டது லீக். தூதுக்குழு மே 25-இலேயே காங்கிரஸின் விளக்கம் தங்கள் கருத்தன்று என அறிவித்தது. ஆயினும் ஐயம் தீருமுன்பே இரு தரப்பின் ஒப்புதலும் பெறப்பட்டுவிட்டது.

ஜூலை 10-இல் பம்பாயில், அரசியல் நிர்ணய சபையில் பங்கேற்பதற்கு மட்டுமே இசைந்துள்ளோம். வேறெதற்கும் கட்டுப்படவில்லை எனும் கருத்துப்பட ஜவாஹர்லால் நேரு பேசினார். ஜூலை 29-இல் அதே நகரில், ஜின்னா தலைமையில் லீக் தனது ஒப்புதலைத் திரும்பப் பெற்றது; நேரடி நடவடிக்கைக்கும் அழைப்பு விடுத்தது. அதற்கென லீக் குறித்த ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் கலவரம் மூண்டது. சில நாட்களில் இரு சமூகத்தாரும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். மறு ஆண்டு நாடு இரண்டாயிற்று.

பழியை ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது எளிது, நேர்மையாகாது. அந்த வாசகத்தின் பொருளை இரு தரப்பாரும் ஒருங்கே அமர்ந்து தெளிவாக்கியிருந்தால் ஒன்று உடன்பாடு உறுதிப்பட்டிருக்கும். அன்றேல் உடன்பாடே இல்லை என்பது அன்றே விளங்கியிருக்கும்.

சொத்துப் பாகப்பிரிவினையிலும் "எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கையொப்பம் இடுவோர் நம்மிடையே உண்டு. "இதற்கு நீங்கள் என்ன பொருள் கொள்கிறீர்கள்?" என்று எதிர்த்தரப்பை முன்னதாகவே கேட்டுக்கொள்வது, பின்னர் வழக்குமன்றம் ஏறுவதினும் நன்றல்லவா?