குசினியில் மூன்றாவது கம்பி

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில் நமது கிராமத்துக் குசினிகளுக்குள்ளும் பெரிய மின்சார அடுப்பு வந்துவிட்டது. நாலு தட்டும் போறணையும் சேர்ந்தது 7 கிலோவாற்று வரை இழுக்கும். 230 வோல்ற்றில் அது ஏறக்குறைய 30 அம்பியர். கேத்தில் செருகும் 13 அம்பியர் பிளக் இதைத் தாங்காது. பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், கையெட்டும் தூரத்தில் ஒரு சுவிச் வேண்டும்.

ஆயினும் எங்கள் பெருங்கவலை புவிக்கம்பி பற்றியது. மற்ற இரு கம்பிகளில் ஒன்று இல்லையென்றால் அடுப்பு சூடேறாது. இது இல்லாவிட்டாலும் சூடேறும். ஆகவே செலவைக் குறைக்க முதலில் விடப்படுவதும் இதுதான். உள்ளே வயர் உருகித் தகட்டில் பட்டால், ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்று பானை இறக்கும் தாயின் உடலே மின்சாரத்துக்கு வழியாகிறது.

முன்பு தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். இன்றைய பிவிசி குழாய் மின்னைக் கடத்தாது. 'ட்ரிப் சுவிச் இருக்கிறதே' என்பாரும் உளர். அதுவும் வேண்டியதே. ஆனால் புவிக்கம்பி இருந்தால் ஒருவர் தொடுமுன்பே அது விழும்; இல்லாவிட்டால் யாரோ தொட்ட பின்புதான்.

கூலி கொடுக்குமுன், அடுப்பின் உடலிலிருந்து வெளியே நட்ட செப்புக்கோல் வரை தொடர்பு உண்டா என்று மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கோடையில் மண் காய்ந்தால் கோலின் தடை கூடும். அப்போதும் ஒருமுறை அளப்பியுங்கள்.