கோயிலுக்கு எந்தக் கணினி? 28,000 வெள்ளியா, 15,400 வெள்ளியா?

 

கோயில் நேரலையைப் பார்த்துக்கொள்ளும் தொண்டூழியர்கள் எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிட்டு, அதுக்கு அப்புறம் திட்டுறதுன்னா திட்டுங்க.

ஒரு வாரமா நம்ம புலனக் குழுவில் ஓடுற பேச்சு எல்லாருக்கும் தெரியும். "கோயிலுக்கு எதுக்குய்யா கேமிங் கணினி? பசங்க விளையாடவா சாமி காசு?" என்று ஒரு பக்கம். "உபயக்காரர் தானே கொடுக்கிறார், இருக்கிறதிலேயே பெரிசா வாங்குங்க, இதுல என்ன கஞ்சத்தனம்?" என்று இன்னொரு பக்கம். ரெண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது எங்க கடமை.

முதல்ல, இந்தப் பேச்சு எங்கே ஆரம்பிச்சது என்பதைச் சொல்லிடுறோம். போன தைப்பூசத்தன்று நேரலையில் சரியாக தீபாராதனை நேரத்தில் படம் உறைந்துபோனது. ஏழு வருஷ மடிக்கணினி சூடு தாங்காமல் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப உயிர் கொடுப்பதற்குள் பதினோரு நிமிஷம். அதற்குள் தீபாராதனை முடிந்து எல்லாரும் விபூதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டி போன் செய்தார். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்து பூ கட்டியவர். இப்போ வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், வெளியே வர முடியாது. கோபமே படாமல் சொன்னார்: "தம்பி, முருகன் அப்படியே நின்னுட்டாருப்பா." அந்தக் குரல் இன்னும் எங்க காதில் இருக்கு.

இந்தச் செய்தி எப்படியோ ஒரு உபயக்கார ஐயா காதுக்குப் போனது. மறைந்த தன் அப்பா பெயரில் நல்ல கணினி ஒன்று வாங்கித் தருகிறேன், 28,000 வெள்ளி வரைக்கும் போகலாம் என்றார். பெரிய மனசு. அவருக்கு நன்றி சொல்லாமல் மேலே எழுத முடியாது.

சரி, ஏன் "கேமிங்" கணினி? நம்ம நேரலைக்கு நாலு கேமரா. சன்னதி வாசல், கொடிமரம், மண்டபம், அப்புறம் ஒரு தம்பி கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. நாலு படத்தையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, கீழே எழுத்து போட்டு, யூடியூபுக்கும் முகநூலுக்கும் அனுப்பி, கூடவே நல்ல தரத்தில் பதிவும் செய்ய வேண்டும். இதை வேகமாகச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டு நியாயமான விலைக்குக் கிடைப்பது விளையாட்டுக்காரர்களுக்காகச் செய்யும் கணினியில்தான். ஸ்டூடியோக்கள் வாங்கும் தொழில்முறை கணினி என்றால் விலை இன்னும் மேலே போகும். "ஆப்பிள் வாங்கலாமே" என்று கேட்டவர்களுக்கு: நாங்கள் கேமரா மாற்றப் பயன்படுத்தும் விமிக்ஸ் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

ஏன் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கவில்லை? 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிவிட்டது. உலகம் முழுக்க ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. இப்போதைக்குத் தயாராகச் சேர்த்து விற்கும் கணினியில்தான் கணக்கு கொஞ்சம் கட்டுப்படியாகிறது. அதோடு பொருளாளருக்கு ஒரே ரசீது. ஆண்டுக் கூட்டத்தில் யார் கேட்டாலும் காட்டலாம்.

இப்போ ரெண்டு கணினிக்கு வருவோம்.

முதலாவது, ஒரு பெரிய அனைத்துலக நிறுவனத்தின் கோபுரம் மாதிரியான பெட்டி. உள்ளே என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090, இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே (24 கோர்), 64 ஜிபி ராம், தண்ணீர்க் குளிரூட்டி, கண்ணாடிக் கதவு, வண்ண வண்ண விளக்கு. விலை 28,000 வெள்ளிக்கு ஒரு சின்ன நோட்டு குறைவு.

இரண்டாவது, லோயாட் பிளாசாவில் ஒரு கடை தன் பெயரிலேயே சேர்த்து விற்கும் கணினி. ஆர்டிஎக்ஸ் 5080, கோர் அல்ட்ரா 7 265கே (20 கோர்), அதே 64 ஜிபி ராம், காற்றுக் குளிரூட்டி. விலை 15,400 வெள்ளி.

எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். இரண்டாவதுதான் நம்ம கோயிலுக்குச் சரி. 28,000 கொடுக்க ஆள் இருந்தாலும் சரி.

காரணம் ஒன்று. அந்தப் பாட்டியின் கைப்பேசியில் தெரியப்போகும் படம் ரெண்டிலும் ஒன்றேதான். 5090 கார்டில் 21,760 கோர்கள், 5080இல் 10,752. ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்க பிரமாதமா இருக்கும். ஆனால் நேரலைப் படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையை அந்தக் கோர்கள் செய்வதில்லை. அதற்கென்று கார்டுக்குள் தனி உறுப்பு இருக்கிறது, என்கோடர் என்பார்கள். ரெண்டு கார்டிலும் அது ஒரே தலைமுறை. 5090இல் மூன்று, 5080இல் இரண்டு. நமக்கு ரெண்டே தாராளம். நாம் அனுப்புவது 1080பி படம். அதற்கு மேல் அனுப்பினால் நம்ம கோயில் இணையம்தான் முதலில் மூச்சு வாங்கும்.

காரணம் இரண்டு, மின்சாரம். 5090 கார்டு மட்டும் முழு வேகத்தில் 575 வாட் வரை இழுக்கும். 5080 என்றால் 360 வாட். நேரலையில் ரெண்டுமே அந்த அளவுக்குப் போகாது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கரண்ட் போனால் தாங்கும் யுபிஎஸ்ஸை உச்சத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் வாங்க வேண்டும். நம்ம ஊர் சாயங்கால மழையும் இடியும் உங்களுக்குத் தெரியாததா? போன வருஷம் இடி விழுந்து ஒலிபெருக்கியே போச்சு. முதல் கணினிக்கு ஏற்ற யுபிஎஸ் வாங்கினால் அதுவே தனிச் செலவு. உபயத் தொகையோ கணினியிலேயே தீர்ந்திருக்கும்.

காரணம் மூன்று, இது கோயில். அலுவலகம் இல்லை, படுக்கையறையும் இல்லை. சாம்பிராணிப் புகை, கற்பூரக் கரி, விபூதித் தூசு, எண்ணெய்ப் பிசுக்கு. பழைய மடிக்கணினியைத் திறந்தபோது விசிறியில் கறுப்பாக ஒரு படலம், சுரண்டி எடுத்தோம். அதுதான் அதைக் கொன்றது என்று நினைக்கிறோம். தண்ணீர்க் குளிரூட்டியில் ஒரு சின்ன பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் கணினியும் நிற்கும். காற்றுக் குளிரூட்டியில் கெட்டுப்போவதற்கு ஒரு விசிறி மட்டும்தான். மாதம் ஒரு தரம் தூரிகையால் தட்டித் துடைக்கலாம். விசிறி போனால் பக்கத்துக் கடையில் வாங்கி மாட்டலாம்.

காரணம் நான்கு, பழுது. பெரிய நிறுவனங்களின் தயார் கணினிகள் சிலவற்றில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அவர்களே தனியாக வடிவமைத்தவை. உத்தரவாதம் முடிந்த பிறகு கெட்டால் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். கடைக்காரர் சேர்த்ததில் எல்லாம் பொதுவான அளவுப் பாகங்கள். எந்தத் தாமானில் இருக்கிற கணினிக் கடைக்காரரும் கழற்றி மாட்டுவார். இன்னொன்றும் இருக்கு. நாலு கேமராவையும் வாங்க ஒரு கேப்சர் கார்டை உள்ளே செருக வேண்டும். நாங்கள் பார்த்த 5090 கார்டு அவ்வளவு தடிமன், பக்கத்து இடங்களை அதுவே மூடிக்கொள்கிறது. 28,000 வெள்ளிக்கு வாங்கிவிட்டு கேமராவை எங்கே செருகுவது?

முதல் கணினிக்கு நல்லதே இல்லையா என்றால், இருக்கு. கெட்டுப்போனால் ஆள் கோயிலுக்கே வந்து பார்ப்பார். இரண்டாவதை நாமே தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். 5090 கார்டில் மெமரி 32 ஜிபி, 5080இல் 16 தான். முப்பரிமாணப் படம், ஏஐ வேலை, பெரிய பெரிய சினிமா வேலை செய்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் சோறு போடும். நாம் செய்வது தீபாராதனையும் தேவாரமும் தேர் ஊர்வலமும். வீடியோவை வெட்டி ஏற்றும்போது சில நிமிஷம் மிச்சமாகலாம். அந்தச் சில நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

இனி, "பசங்க விளையாடத்தான் கேக்குறாங்க" என்ற குற்றச்சாட்டு. எங்களில் ரெண்டு பேர் வீட்டில் விளையாடுகிறவர்கள்தான். அதனால்தான் இந்த விவரமெல்லாம் தெரிகிறது. விளையாட்டுக்காக மட்டும் வாங்குகிறவன் ரைசன் 7 9800எக்ஸ்3டி மாதிரி சிப்பைத்தான் தேடுவான். எட்டே கோர், ஆனால் பெரிய கேஷ். விளையாட்டுக்கு அது ரொம்பப் பொருத்தம். நாங்கள் கேட்டிருப்பது அது இல்லை, வீடியோ வேலைக்கு ஏற்ற சிப். அப்படியும் சந்தேகம் என்றால், கணினியின் கடவுச்சொல் செயலாளரிடம் இருக்கட்டும். யார், எப்போ, எதற்குத் திறந்தார்கள் என்று நோட்டில் எழுதி வைக்கிறோம். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் இல்லாத பெட்டிதான் கேட்டிருக்கிறோம். "சாமி பக்கத்துல டிஸ்கோ லைட்டா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

மிச்சப் பணத்துக்கு எங்கள் கணக்கு இது. யுபிஎஸ்ஸும் இடி தாங்கியும் 1,500 வெள்ளி. மைக்கும் ஒலிக் கருவியும் 3,000. பதிவுகளை வைக்க ரெண்டு பெரிய ஹார்ட் டிஸ்க் 2,000. ரெண்டு எதற்கு? ஒன்று கோயிலில், ஒன்று வெளியே ஒருவர் வீட்டில். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். கணினியோடு சேர்த்து மொத்தம் 21,900. மீதி 6,100 வெள்ளியை என்ன செய்வது என்று உபயக்கார ஐயாவே சொல்லட்டும். பராமரிப்புக்கு வைத்தாலும் சரி, அன்னதானத்துக்குப் போனாலும் சரி.

மைக் எதற்கு என்று கேட்பீர்கள். நேரலை பார்க்கிறவர்களின் பெரிய குறை படம் இல்லை, சத்தம். இப்போ நாங்கள் போட்டிருக்கும் இரைச்சல் நீக்கி பேச்சுக்கென்று செய்தது. தவிலையும் கோயில் மணியையும் அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடுகிறது. நாதஸ்வரக்காரர் ஊதுகிறார், வீட்டில் கேட்பவருக்கு ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கு. இதை 5090 சரி செய்யாது. சரியான மைக்கைச் சரியான இடத்தில் வைத்தால்தான் சரியாகும்.

ஹார்ட் டிஸ்க் விஷயம் இன்னும் முக்கியம். அலுவலக அலமாரியில் பழைய கும்பாபிஷேகத்தின் வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. சிலதில் பூஞ்சை பிடித்துவிட்டது. அதில் பால்குடம் தூக்கி வருகிறவர்களில் பாதிப் பேர் இன்று நம்மோடு இல்லை. எஸ்டேட்டிலிருந்து வந்து, கல் சுமந்து, இந்தக் கோயிலைக் கட்டினவர்கள். நாங்களே ஒரு கேசட்டை ஓட்டிப் பார்த்தபோது, அந்த உபயக்கார ஐயாவின் அப்பா கயிறு பிடித்துத் தேர் இழுத்துக்கொண்டிருந்தார். ரெண்டு நிமிஷம்தான் வருகிறார். அந்த நாடா இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?

ஐயா, உங்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா பெயரில் செய்வது பெரிசா இருக்கணும் என்று நீங்கள் நினைப்பது எங்களுக்குப் புரியுது. ஆனால் கணினி என்பது விளக்கோ மணியோ இல்லை, தலைமுறைக்கு நிற்பதற்கு. ஆறேழு வருஷத்தில் 5090உம் பழசு, 5080உம் பழசு. அப்பா தேர் இழுக்கும் அந்த ரெண்டு நிமிஷம் பழசாகாது. அதைக் காப்பாற்றிக் கொடுத்தால், அதைவிடப் பெரிய உபயம் எங்களுக்குத் தெரியவில்லை.

முடிவு நிர்வாகத்தின் கையில். ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்து மண்டபத்தில் பேசுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். ரெண்டு கணினியின் விலைப்பட்டியலையும் கொண்டு வருகிறோம். எங்கள் கணக்கில் தப்பு இருந்தால் அங்கேயே காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம். புலனத்தில் பேசுவதைவிட நேரில் பேசினால் நல்லது, பசியாறியும் போகலாம்.

அடுத்த தைப்பூசத்துக்கு அந்தப் பாட்டி போன் செய்தால், "தம்பி, நல்லா பாத்தேன்பா" என்று மட்டும் சொல்லணும். எங்களுக்கு அது போதும்.

முருகா சரணம்.

இப்படிக்கு,
நேரலைக் குழுத் தொண்டூழியர்கள்