பாட்டுக்கு முகம் வேண்டுமா?

தீப்பெட்டி எரிவது மருந்தால். விற்பது லேபிளால்! சிவகாசிப் பக்கத்து மக்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எம். புதுப்பட்டியில் வெடி வாங்க வரும் சிறுவனைப் பாருங்கள். உள்ளே என்ன மருந்து என்று அவனுக்குத் தெரியாது. மேலே ஒட்டிய படத்தைக் காட்டி, "அண்ணாச்சி, அதைக் கொடுங்க" என்பான்.

பாட்டுக்கும் இப்படி ஒரு லேபிள் வந்து சேர்ந்தது. அதன் பெயர் டெலிவிஷன். அது சிலரைக் கோடீசுவரர் ஆக்கியது. சிலரைக் கவிழ்த்தது. சிலருடைய பெயரையே மறக்கடித்தது.

தாடி தந்த அதிர்ஷ்டம்

1981-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி அமெரிக்காவில் "எம்.டி.வி." என்ற டெலிவிஷன் தொடங்கியது. இரவு பகல் 24 மணி நேரமும் பாட்டுதான். பாடுகிறவர்களே நடித்த சிறு சிறு படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். முதலில் போட்ட பாட்டு, "பக்கிள்ஸ்" என்ற இங்கிலாந்துக் கோஷ்டி பாடியது. "வீடியோ வந்து ரேடியோ நட்சத்திரத்தைக் கொன்றுவிட்டது" என்பது அதன் தலைப்புக்குப் பொருள். என்ன பொருத்தம்!

அந்த நாட்டில் "ராக்" இசைக்கு மவுசு அதிகம். மின்சாரக் கிட்டார், டிரம்ஸ், தொண்டை கிழியும் பாட்டு, இதுதான் ராக். அந்தக் கோஷ்டிகள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்து பெயர் வாங்கியவை. எம்.டி.வி. வந்ததும் அவர்களுக்கு முகத்தைப் பற்றிய கவலை பிறந்தது.

"இசட் இசட் டாப்" என்று ஒரு கோஷ்டி. 1969-ல் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கியது. மூன்றே பேர். அவர்களில் இருவருக்கு நெஞ்சு வரை தாடி. 1983-ல் அந்தத் தாடிகளையும், ஒரு பழைய சிவப்புக் காரையும், சில அழகிகளையும் காட்டிப் பாட்டுப் படம் எடுத்தார்கள். அதிர்ஷ்டம் அடித்தது! அந்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டு, அமெரிக்காவில் மட்டும் நாளடைவில் ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஒரு வேடிக்கை. மூன்றாவது ஆளின் குடும்பப் பெயர் "பியர்டு". ஆங்கிலத்தில் தாடி என்று அர்த்தம். அவருக்கு மட்டும் தாடி இல்லை!

"டுரான் டுரான்" என்ற இங்கிலாந்து வாலிபர்களோ 1982-ல் நம் பக்கத்துத் தீவான இலங்கைக்கே வந்துவிட்டார்கள். சிகிரியாக் குன்றின் உச்சியில் நின்று படம் எடுத்தார்கள். எம்.டி.வி. அதைப் போடப் போட, அமெரிக்காவில் அவர்களுடைய தட்டுகள் பறந்தன.

சேலை கட்டிய சங்கடம்

எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. "குயின்" கோஷ்டியின் கதை வேறு.

அதன் பாடகர் பிரெடி மெர்க்குரி ஒரு பார்சிக் குடும்பத்துப் பிள்ளை. பிறந்தது 1946-ல், சான்சிபாரில். பள்ளிக்கூடம் படித்தது நம் நாட்டில், பஞ்சகனியில். 1984-ல் குயின் கோஷ்டியின் நால்வரும் பெண் வேடம் போட்டு ஒரு பாட்டுப் படத்தில் நடித்தார்கள். பிரெடி மீசையை எடுக்காமலே பாவாடை கட்டி வீடு பெருக்கினார். இங்கிலாந்து வயிறு குலுங்கச் சிரித்தது. பாட்டு அங்கே 3-வது இடத்துக்கு வந்தது. அமெரிக்கா முகம் சுளித்தது. அங்கே முதல் 40 இடங்களுக்குள்கூட அந்தப் பாட்டு வரவில்லை.

ஸ்திரீபார்ட் போட்ட ஆண் நடிகர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் தங்களுக்கு இறங்குமுகம் ஆனதற்கு அந்தப் படமும் ஒரு காரணம் என்று அந்தக் கோஷ்டியினரே கருதினார்கள். 1982-க்குப் பிறகு பிரெடி அமெரிக்காவில் கச்சேரி செய்யவே இல்லை. 1991-ல் அவர் காலமானார். ராகத்திலும் குரலிலும் ஒரு குறையும் இல்லை. லேபிள் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்!

நம் ஊரில் என்ன ஆயிற்று?

1952-ல் மத்திய மந்திரி கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அகில இந்திய ரேடியோவிலிருந்து அதை ஒதுக்கினார். ஜனங்கள் ரேடியோ சிலோனுக்குத் தாவினார்கள். தென்பாண்டிச் சீமையில் அது கணீரென்று கேட்கும். மயில்வாகனனும் பிறகு அப்துல் ஹமீதும் பாட்டைப் போடுமுன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை அமைத்தவர் என்று சொல்லும் அழகே தனி.

வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய பெண்களுக்கு ரேடியோதான் துணை. கை பெட்டியை ஒட்டும். காது பாட்டைக் கேட்கும். டி.எம். சவுந்தரராஜன், சுசீலா, ஜானகி ஆகியோரின் முகத்தைப் பார்க்காமலே குரலைக் கொண்டு "இது இன்னார்" என்று சொல்லிவிடுவார்கள்.

1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் தொடங்கியது. 1980-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரம் வழியாகத் தெற்குச் சீமைக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை "ஒலியும் ஒளியும்" என்றால் தெரு வெறிச்சோடும். பஞ்சாயத்துப் பெட்டி முன்னால் கூட்டம் நெரியும். சினிமாக் கொட்டகைக்குப் போக முடியாத பாட்டிகளும் சிறுவர்களும் காசில்லாமல் பார்த்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தீப்பெட்டி ஒட்டும் கை நின்றுவிட்டது. ஒட்டின கணக்குக்குத்தான் கூலி. கேட்டுக்கொண்டே வேலை செய்யலாம். பார்த்துக்கொண்டே எப்படிச் செய்வது?

இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் பாடகரே நடிகர் ஆனார். இங்கே முன்னால் நிற்க ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்தார். எனவே பாடகர் மறைந்தே போனார். "சிவாஜி பாட்டு", "எம்.ஜி.ஆர். பாட்டு" என்று சொல்லும் வழக்கம் கொட்டகையிலேயே தொடங்கியதுதான். டெலிவிஷன் அதை முற்ற வைத்தது. தப்பியவர் எல்.ஆர். ஈஸ்வரி. அவருடைய அம்மன் பாட்டுகள் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகவே வாழ்கின்றன. ஆடி மாதம் பிறந்தால் அவர் குரல் கேட்காத தெரு ஏது?

"டி.வி. புகழ்"

அமெரிக்கக் கோஷ்டிகளுக்கு அன்று நடந்தது, நம் ஊர் மெல்லிசைக் கோஷ்டிகளுக்கு இன்று நடக்கிறது.

2006-ல் விஜய் டி.வி.யில் "சூப்பர் சிங்கர்" தொடங்கியது. ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகள் பலர் அதனால் முன்னுக்கு வந்தார்கள். வாழட்டும்! ஆனால் பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் சமயத்தில் சிவகாசி வட்டாரத்துச் சுவரொட்டிகளைப் பாருங்கள். "டி.வி. புகழ்" என்று போட்டு ஒருவர் படம் மட்டும் பெரிதாக இருக்கும். அவர் நாலு பாட்டுப் பாடிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். நடுச்சாமம் வரை மீதிப் பாட்டைப் பாடுகிறவர் உள்ளூர்க்காரர். சுவரொட்டியில் அவர் பெயர் இல்லை. தபேலாக்காரர் பெயரும் இல்லை. பெயர் தெரிந்தால்தானே அடுத்த ஊரில் கூப்பிடுவார்கள்? அடுத்த ஊரில் கூப்பிட்டால்தானே அடுப்பு எரியும்?

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு என் யோசனை இது. டி.வி. புகழ் பெற்றவரைத் தாராளமாக அழையுங்கள். கூடவே மேடையில் ஏறும் ஒவ்வொருவர் பெயரையும் நோட்டீசில் போடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், சிலோன் ரேடியோவில் சொன்ன மாதிரி, பாடுகிறவர் பெயரை மைக்கில் சொல்லுங்கள். நோட்டீசு அடிக்கச் சிவகாசிக்குத்தானே போகப் போகிறீர்கள்? இன்னும் நாலு வரி சேர்க்க அச்சகக்காரர் என்ன, சொத்தையா எழுதி வாங்கிக் கொள்ளப் போகிறார்?