மங்குக்கு லேசரா? பணம் கட்டும் முன் கேளுங்கள்!

ஷேர் ஆட்டோ முதுகிலிருந்து செல்போன் வரைக்கும் இப்போது 'முகத்தில் கருமையா? லேசரில் நீக்கலாம்' என்றுதான் விளம்பரம். என்னைப் போல 30 வயதைத் தாண்டிய பெண்கள் பலருக்குக் கன்னத்தில் மங்கு உண்டு. பிரசவத்துக்குப் பிறகோ, கருத்தடை மாத்திரை சாப்பிட்ட பிறகோ, வெயிலில் அலைந்தோ வந்து உட்கார்ந்து கொள்கிறது. கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், "என்னடி, மூஞ்சி இப்படிக் கருத்துப் போச்சு?" என்று ஒரு சொந்தக்காரர் கேட்டால் போதும், மறுநாளே பணத்தைத் தேட ஆரம்பித்து விடுகிறோம்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் சீட்டு எடுத்த பணம் 30 ஆயிரத்தை, 6 சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டினார். மூன்றாவது சிட்டிங் முடிந்தபோது முகம் பளிச்சென்றுதான் இருந்தது. நாங்கள்கூட விலாசம் கேட்டோம். அப்புறம் மகளின் அட்மிஷனுக்காக மே மாத வெயிலில் அலைந்தார். இரண்டே மாதத்தில் முன்பைவிடக் கருப்பாகத் திரும்பி வந்துவிட்டது. போய்க் கேட்டதற்கு, "வெயில்ல போனது உங்க தப்பு" என்றார்களாம். அதைப் பணம் வாங்கும்போதே சொல்ல வாய் வரவில்லையா?

லேசரே கெட்டது என்று நான் சொல்லவில்லை. வயதாகும்போது வெயிலால் தனித்தனியாக விழும் புள்ளிகளுக்கு அது நன்றாகவே கேட்கிறது. ஆனால் மங்கு வேறு சமாச்சாரம். லேசர் ஒளி, தோலில் உள்ள மெலனின் என்ற நிறமியைத்தான் சூடாக்கி உடைக்கிறது. நம் மாநிறத் தோலிலோ அந்த நிறமி எங்கும் இருக்கிறது. சூடு கொஞ்சம் கூடிப்போனால் தோல் புண்பட்டு, அந்த இடம் இன்னும் கருக்கும். நன்றாகப் போனாலும் வெயில் பட்டால் மங்கு திரும்பும். அதனால்தான் நல்ல டாக்டர்கள் மங்குக்கு முதலில் சன்ஸ்கிரீனும் களிம்பும்தான் எழுதித் தருகிறார்கள். சன்ஸ்கிரீனை வெளியில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டுமாம். பஸ்ஸுக்கும் தண்ணிக்கும் வெயிலில் நிற்பவளுக்கு அது நடக்கிற காரியமா, அதற்கு மாதாமாதம் காசு இருக்கிறதா என்பது தனிக் கதை.

மருந்துக்கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கும் வெளுப்பு க்ரீம் இன்னும் மோசம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் வெளுக்கும், போகப் போகத் தோல் மெலிந்து சிவந்து, முகத்தில் முடிகூட வளரும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. கடையில் யார் சீட்டு கேட்கிறார்கள்?

சகோதரிகளே, லேசர் பிடிப்பவர் தோல் படிப்பு (எம்.டி. அல்லது டி.டி.வி.எல்.) படித்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இது மங்கா, வெயில் புள்ளியா, மருவா என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். திடீரென்று வளர்கிற, ரத்தம் கசிகிற புள்ளி என்றால் பரிசோதிக்காமல் லேசர் வைக்கவே விடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது. அந்த அக்கா இப்போது அங்குதான் போகிறார்.

மகளிர் மலர் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: அழகுக் குறிப்பு போடும் பக்கத்திலேயே மாதம் ஒருமுறை ஒரு தோல் மருத்துவரை எழுதச் சொல்லுங்களேன்.

- ஒரு வாசகி, விருதுநகர்.