தேதி குறிப்பிடாமல்

2021 மே 3, திங்கட்கிழமை. மேல்சித்தாமூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். முந்தைய நாள்தான் தேர்தல் முடிவு வந்திருந்தது. டிவியில் யார் யாருக்கு எந்த இலாகா என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. அந்தப் பேச்சுக்குக் கீழே ஓடிய வரியைப் படித்துவிட்டு அண்ணன் மகன் கத்தினான்: “அத்தை, வருணுக்கு பாசிட்டிவாம். இன்னிக்கி மேட்ச் இல்லியாம்.”

கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியின் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் தொற்று உறுதியாகியிருந்தது. அன்று இரவு அகமதாபாத்தில் பெங்களூரு அணியோடு நடக்க வேண்டிய ஆட்டம் தள்ளிப்போனது. சென்னை அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பாலாஜிக்கும் தொற்று. அடுத்து ஐதராபாத்தின் விருத்திமான் சாஹா, டெல்லியின் அமித் மிஸ்ரா. மே 4 அன்று, 60 ஆட்டங்களில் 29 மட்டும் முடிந்திருந்த நிலையில், மொத்த ஐபிஎல்லும் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’.

அந்த இரவுதான் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியிலுள்ள செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் சில மணி நேரத்தில் இறந்துபோனார்கள். ஆக்சிஜன் வரவில்லை என்று உறவினர்கள் அழுதார்கள், அப்படியில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். சோதனை முடிவுக்கு ஊர் மக்கள் நாட்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. டெல்லியில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு மக்கள் தெருத்தெருவாக அலைந்த அதே வாரத்தில், அதே டெல்லியின் மைதானத்தில் ஐபிஎல் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அதை நடத்தியிருக்கவே கூடாது என்று அப்போதே பலர் எழுதிவிட்டார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. எனக்குச் சிக்கல் அந்த இரண்டு சொற்களோடு. ‘தேதி குறிப்பிடாமல்.’

தேதி குறிப்பிடவில்லை என்றால் என்ன பொருள்? தேதி உண்டு, இன்னும் சொல்லவில்லை என்று பொருள். மே 4 அன்று நின்ற லீகுக்கு மே 29 அன்றே வழி பிறந்துவிட்டது. மீதி ஆட்டங்கள் செப்டம்பர், அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் என்று கிரிக்கெட் வாரியம் கூடி முடிவெடுத்தது. இடையில் இருபத்தைந்தே நாள். நாட்டின் சுடுகாடுகளில் வரிசை நின்ற அந்த இருபத்தைந்து நாளில், 31 ஆட்டங்களுக்கு நாடு தேடி, மைதானம் தேடி, ஓட்டல் தேடி முடித்திருந்தார்கள். லீக் முடியாமல் போனால் நட்டம் 2,500 கோடி ரூபாய் வரை ஆகலாம் என்று வாரியத் தலைவர் சௌரவ் கங்குலி சொல்லியிருந்தார். கோடிகளுக்குத் தேதி தானாகக் கிடைக்கும்.

ஐபிஎல்லை ஒட்டி, அதன் வால்போல, பெண்களுக்கு ஒரு போட்டி அப்போது நடந்துவந்தது. மகளிர் டி20 சேலஞ்ச். மூன்று அணி. நான்கு ஆட்டம். 2020 நவம்பரில் ஷார்ஜாவில் நடந்தது, ஸ்மிருதி மந்தனா தலைமையிலான ட்ரெயில்பிளேசர்ஸ் வென்றது. ஆண்களுக்கு அறுபது ஆட்டம், பெண்களுக்கு நான்கு. அந்த நான்கும் 2021-இல் நடக்கவில்லை. ஆண்களின் 31 ஆட்டங்கள் விமானம் ஏறிப் போனபோது இவற்றை மூட்டை கட்ட யாருக்கும் கை வரவில்லை. அடுத்து நடந்தது 2022 மே மாதம், புனேயில்.

செப்டம்பர், அக்டோபரில் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்ததே, எப்படி நடத்த முடியும் என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். சரிதான். அந்த மாதங்களில் முடியாது. நவம்பர் என்ன ஆனது? டிசம்பர்? நான்கு ஆட்டத்துக்கு ஒரு வாரம் போதும். ஆண்களுக்கு நாடு விட்டு நாடு போய் நாள் தேடியவர்களுக்கு இங்கே காலண்டரைப் புரட்டக்கூட நேரமில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அதே 2021 மார்ச் கடைசியில், இந்திய டி20 அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுருக்குத் தொற்று வந்தது. வருணுக்கு ஒரு மாதம் முன்பே. அவர் வீட்டில் தனிமைப்படுத்திக்கொண்டார். எந்த லீகும் நிற்கவில்லை. நிறுத்துவதற்கு அவருக்கு ஒரு லீக் இருக்கவில்லை. ஓர் ஆண் விளையாட்டு வீரனின் மூக்கில் விட்ட பஞ்சுக்குச்சி ஒரு துணைக்கண்டத்தின் மாலை நேரத்தையே மாற்றிவிடுகிறது, அணியின் தலைவியான ஒரு பெண்ணுக்கு அதே நோய் வந்தால் அது அவள் வீட்டு விஷயம். வருணின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கட்டடக் கலை படித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்கு வந்த மனிதர், நோயை விரும்பி வாங்கிக்கொண்டவரில்லை. அவர் நோய்க்கு நாடு காட்டிய அக்கறையும் தவறில்லை. அந்த அக்கறை பால் பார்த்து வருவதுதான் தவறு.

2020 மார்ச் 8, மகளிர் தினத்தன்று மெல்போர்ன் மைதானத்தில் 86,174 பேர் உட்கார்ந்து பார்க்க, உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்கள் ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள். அதற்குப் பிறகு அவர்களின் அடுத்த சர்வதேச ஆட்டம் 2021 மார்ச் 7, லக்னோவில். 364 நாள் இடைவெளி. அந்த இடைவெளியில் ஆண்கள் ஒரு முழு ஐபிஎல் ஆடினார்கள், ஆஸ்திரேலியா போய் டெஸ்ட் தொடரை வென்று வந்தார்கள், இங்கிலாந்தை இங்கே வரவழைத்து ஆடினார்கள். எல்லாம் அதே வைரஸ் காலத்தில். அந்த மெல்போர்ன் இறுதியாட்டத்துக்கான பரிசுப் பணம் 5 லட்சம் டாலர். அது வீராங்கனைகள் கைக்குப் போகவில்லை என்று 2021 மே மாதம் லண்டன் டெலிகிராஃப் எழுதிய பிறகுதான், இந்த வாரக் கடைசிக்குள் கொடுத்துவிடுவோம் என்ற பதில் வந்தது. அதே ஆண்டு அறிவித்த ஒப்பந்தங்களில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். இந்தக் கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான், கடந்துவிடுகிறேன்.

வேதா கிருஷ்ணமூர்த்தியைக் கடந்துபோக முடியவில்லை. அந்த ஏப்ரலில் அவருடைய அம்மா கொரோனாவில் இறந்தார். இரண்டே வாரத்தில் அக்காவும் போய்விட்டார். இந்திய அணிக்குப் பல ஆண்டுகள் ஆடிய ஒருத்தி. வாரியத்திலிருந்து அவருக்கு ஒரு விசாரிப்புகூட இல்லை என்று ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் கேப்டன் லிசா ஸ்தலேகர் பொதுவெளியில் கேட்க வேண்டியிருந்தது. பிறகு செயலாளர் பேசினார், வேதாவும் நன்றி சொன்னார், அதையும் சொல்லிவிட வேண்டும். மே 19 அன்று வந்த ஒப்பந்தப் பட்டியலில் வேதாவின் பெயர் இல்லை. ஆட்டத்தை வைத்து எடுத்த முடிவு என்பார்கள். இருக்கலாம். எழவு வீட்டுக்கு அந்தப் பட்டியலை அனுப்பாமல் ஒரு மாதம் கழித்து அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையே. தள்ளிவைக்கத் தெரிந்தவர்கள்தானே இவர்கள்?

வைரஸ் வந்தால் ஆட்டம் நிற்கும் என்பதே பொய். நிறுத்துகிறவர்கள் நிறுத்தினால்தான் நிற்கும். 2021 செப்டம்பர் 22, துபாயில் நம்ம சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனுக்குத் தொற்று உறுதியானது. அவரோடு பழகியவர்களைத் தனிமைப்படுத்திவிட்டு அன்று இரவு ஆட்டத்தை நடத்திவிட்டார்கள். 2022 ஜனவரியில் புரோ கபடி லீகில் இரண்டு அணிகளில் வீரர்களுக்குத் தொற்று வந்தது, அட்டவணையை மாற்றிப்போட்டு ஓட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 7, பர்மிங்காமில் காமன்வெல்த் இறுதியாட்டம், இந்தியப் பெண்களுக்கு எதிராக. ஆஸ்திரேலியாவின் தாலியா மெக்ராத் பாசிட்டிவ் முடிவோடு, முகக்கவசம் போட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்து, முறை வந்தபோது இறங்கி ஆடினார். நம்மவர்கள் 9 ரன்னில் தோற்றார்கள். பாசிட்டிவ் என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை விதமான முடிவு! முடிவை எழுதுகிறவர் யார், யாருடைய பணம், யாருடைய ஆட்டம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள், சந்தையே இல்லையே என்பது இங்கே வரும் வழக்கமான பதில். பெண்களின் ஐபிஎல் 2023-இல் தொடங்கியபோது ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்கு விலைபோனது. அந்தப் பார்வையாளர்கள் எல்லாரும் 2023-இல் திடீரென்று பிறந்தவர்களா? மெல்போர்னில் உட்கார்ந்திருந்த 86,000 பேர் யார்? கடையைத் திறக்காமலே வியாபாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கபடியில் இன்னும் அதே கதை. 2016-இல் புரோ கபடியோடு சேர்த்துப் பெண்களுக்கு மூன்று அணியில் ஒரு சேலஞ்ச் நடத்தினார்கள். ஒரே வருடம். அடுத்த ஆண்டு ஆண்கள் லீகில் புதிய அணிகள் சேர்ந்தன, தமிழ் தலைவாஸ் வந்தது. பெண்கள் சேலஞ்ச் வரவில்லை. அதை நிறுத்த ஒரு வைரஸ்கூடத் தேவைப்படவில்லை.

கபடி என்றதும் மறுபடி அண்ணன் வீட்டுக்கே வர வேண்டியிருக்கிறது. வருணுக்குப் பாசிட்டிவ் என்று கத்தினவனுக்கு ஒரு அக்கா உண்டு. அப்போது பிளஸ் டூ. பள்ளிக் கபடி அணியில் ரைடர். செஞ்சியில் நடக்கும் போட்டிகளுக்கு அவள் கிளம்பினால் அண்ணிதான் விடிகாலையில் எழுந்து புளிசாதம் கட்டிக் கொடுப்பாள். 2020-21-இல் அவள் ஆடப்போகப் போட்டி எதுவும் இல்லை. போட்டி இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. கல்லூரிச் சேர்க்கையானாலும் போலீஸ் தேர்வானாலும், விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்தத் தாள்தான் பேசும்.

இது பையன்களுக்கும் நடந்ததுதானே என்று கேட்கலாம். நடந்தது. ஆனால் ஊரடங்கிலும் தம்பி டென்னிஸ் பந்தோடு ஏரிக்கரைக்குப் போனான். போலீஸ் ஜீப் வந்தால் ஓடினான், போனதும் திரும்பி வந்தான். இவள் வாசலைத் தாண்டினால் ‘ஊர்ல நோய் இருக்கு, எங்க போற?’ கஷாயம் காய்ச்சவும், காய்ச்சலில் கிடந்த தாத்தாவுக்கு வெந்நீர் வைக்கவும், தம்பியின் ஆன்லைன் வகுப்புக்கு தன் போனைக் கொடுக்கவும் அவள் தேவைப்பட்டாள். ஜெர்சி இரவில் போட்டுக்கொள்ளும் துணியாகிவிட்டது. ஜூன் 5 அன்று பிளஸ் டூ பொதுத்தேர்வை ரத்து செய்தார்கள். அடுத்த வாரமே வீட்டில் ஜாதகம் எடுத்தார்கள். நூறு பேருக்குச் சாப்பாடு போட வேண்டாம், செலவு மிச்சம் என்று அண்ணன் என்னிடமே சொன்னார். நான் சண்டை போட்டேன். ‘நிலைமை சரியாகட்டும், அப்புறம் படிக்கட்டும், யார் வேணாம்னது?’ என்றார். அவருக்கும் அது ஒத்திவைப்புதான். தேதி மட்டும் சொல்லவில்லை. ஆவணியில் கல்யாணம். தம்பி இப்போது பொறியியல் முடித்துவிட்டான்.

மே மாதத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லா வீட்டிலும் பெண்கள்தான், கோடீஸ்வரர் வீட்டிலும்தான். அஸ்வின் குடும்பத்தில் ஒரே வாரத்தில் பெரியவர் ஆறு பேருக்கும் குழந்தைகள் நால்வருக்கும் தொற்று. அந்த நாட்கள் எப்படிப் போயின என்று அவர் மனைவி பிரீத்தி வெளிப்படையாக எழுதினார். அஸ்வின் ஐபிஎல்லை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அதை நான் மதிக்கிறேன். வீட்டுக்காக ஆட்டத்தை விட்ட ஆணைப் பார்த்து நாடே நெகிழ்ந்தது. என் அண்ணன் மகள் விட்டபோது அது விட்டதாகவே யாருக்கும் தெரியவில்லை.

2021 அக்டோபர் 15, விஜயதசமி. துபாயில் சென்னை கோப்பையை வென்றது. எதிரணியில் வருண் குணமாகி வந்து பந்துவீசினார். எங்கள் தெருவில் தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த வெடியையெல்லாம் கொளுத்தித் தீர்த்தார்கள். அவள் புகுந்த வீட்டிலிருந்து போன் செய்து, தம்பியிடம் கொடுக்கச் சொன்னாள், ஸ்கோர் கேட்க. அங்கே மாமனார் வேறு சேனல் வைத்திருந்தாராம்.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவிகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் கல்லூரியின், நீங்கள் படித்த பள்ளியின் உடற்கல்வித் துறைக்குப் போய் 2020-இலிருந்து 2022 வரையான பதிவேட்டைக் கேளுங்கள். ஆண்கள் அணி எந்த மாதம் மைதானத்துக்குத் திரும்பியது, பெண்கள் அணி எந்த மாதம் திரும்பியது, 2019-இல் ஆடிய பெண்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எழுதி எடுங்கள். பதிவேடே இல்லை என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வராதவர்களின் வீட்டு முகவரி உங்கள் தோழிகளிடம் இருக்கும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் ஆகியிருக்கும் அவர்களில் பலருக்கு. ஆட வயது இன்னும் இருக்கிறது.